இடித்த வீட்டு மரம்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால் முதலில் கழன்று போவது வாசல் கதவு. அதற்கு எப்போதும் ஆள் தயார். திண்ணைத் தூண் இருந்தால் அடுத்தது அது. கடற்கரைச் சாலை ரிசார்ட்டுக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஜன்னல் கம்பி இரும்புக்கடைக்கு. பிறகு நிலைகள். கடைசியில் மொட்டை மாடியைக் கடப்பாரையால் உடைத்துத் தள்ளும்போதுதான் உத்தரம் இறங்கும், தலையில் ஒரு தலைமுறைச் சுண்ணாம்பைச் சுமந்துகொண்டு. பழைய மரத்தில் சாமான் செய்கிற எங்கள் குடும்பம் காத்திருப்பது அதற்கு.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்தது. அப்புறம் எங்கள் தெருக்களில் வீட்டைவிட மனைக்கு மதிப்பு ஏறிவிட்டது. அண்ணன் தம்பிகள் நாலு பேர் என்றால் பழைய வீட்டை நாலாகப் பிரிக்க முடியாது, இடித்து ஃப்ளாட் கட்டினால் ஆளுக்கொரு மாடி. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஐப்பசி மழையில் பாத்திரம் பாத்திரமாக வைத்து ஒழுகல் பிடித்தவர்களுக்குத்தான் அந்த வீடுகளின் அருமை தெரியும். 'பாரம்பரியம் போச்சே' என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அண்ணா நகரில் இருக்கிறார்கள்.

அந்தக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம் போட்டு, அதன்மேல் குறுக்காக நெருக்கி நெருக்கிக் கட்டைகள் வைப்பார்கள். அதற்குமேல் மெல்லிய சின்னச் செங்கல்லை நிறுத்தி வைத்து, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்கள். பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு கனம், அதற்கு மேலே தட்டையான ஓடு. கம்பி கட்டி கான்கிரீட் போடுகிற காலத்துக்கு முன்னால் ராயபுரம், மண்ணடி, ஜார்ஜ் டவுன் எங்கும் வசதியான வீடு என்றால் இந்தக் கூரைதான்.

உத்தரத்தில் நல்லது பர்மா தேக்கு. அது அங்கே எப்படி வெட்டப்பட்டது என்பதை அப்பா மரக்கடையில் நிற்கிற யாரிடமும் சொல்லாமல் விடமாட்டார். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் மரத்தை உடனே சாய்க்கமாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதன் உள்ளே வெள்ளை மரத்தையும் வளையமாகச் செதுக்கிவிட்டு, இரண்டு மூன்று வருடம் நின்றபடியே காயவிடுவார்கள். கனம் குறைந்த பிறகு வெட்டி, யானை வைத்து ஓடைக்கு இழுத்து, மழைக்காலத்து வெள்ளத்தில் ஐராவதிக்குள் தள்ளி, அங்கே தெப்பமாகக் கட்டி ரங்கூன் வரை கொண்டுபோவார்கள். அங்கிருந்து கப்பல். வெட்டும்போதே பாதி காய்ந்த மரம், மீதியை நம் ஊர்க் கூரைக்குள் இருந்து காய்ந்துகொண்டது. இனிமேல் அது பெரிதாக முறுக்கிக்கொள்ளப் போவதில்லை. 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டுத் தேக்கை வெளிநாட்டுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டதால், இப்போது பர்மா தேக்கு வேண்டுமென்றால் இடிகிற வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் நம்பகமான வழி.

அம்மாவைப் பெற்ற பாட்டி ரங்கூனில் பிறந்தவர். 1960-களில் கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடிசை போட்ட கூட்டத்தில் ஒருவர். பர்மா தேக்கு என்று யாராவது பெருமையாகச் சொன்னால், "அதுக்கு இங்க வந்ததும் மரியாதை கெடச்சுது, எங்களுக்கு ரேஷன் கார்டு கெடைக்கவே நாளாச்சு" என்பார்.

அப்பா பெரம்பூர் கேரேஜ் என்கிற ரயில் பெட்டிப் பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வேயில் தச்சு வேலையா என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கி முழு இரும்புப் பெட்டிகள் வருவதற்கு முன்னால் பெட்டியின் உடம்பே மரம்தான். இரும்பு வந்த பிறகும் உள்ளே இருக்கைப் பலகை, தரைப்பலகை, கதவு என்று தச்சருக்கு வேலை இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்காரவில்லை. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு ஒரு மேசையைத் தரையோடு முடுக்கினார். தம்பி ஏ.சி. மெக்கானிக், மாலையில் வந்து ரம்பம் பிடிப்பான். அம்மா பாலிஷ். நான் தம்புச் செட்டித் தெருவில், துறைமுகச் சரக்குக்கான ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் எனக்கு விலை பேசுவது, படம் எடுப்பது, உப்புத்தாள் போடுவது. என் பையனுக்கு ஆணி பொறுக்கும் உத்தியோகம்.

எங்கள் வீட்டில் மரவேலைக்கு ஒரே ஒரு சட்டம், அதுவும் அப்பா எழுதாமல் எழுதிவைத்தது: புழக்கத்துக்கு ஆகாததைச் செய்யக் கூடாது. முக்காலி, அஞ்சறைப்பெட்டி, சப்பாத்திக் கட்டை, பல்லாங்குழி, நடைவண்டி, சாமி மாடம், புத்தக அலமாரி. எல்லாவற்றிலும் யாராவது உட்கார வேண்டும், தேய்க்க வேண்டும், தள்ள வேண்டும், விளக்கேற்ற வேண்டும். ஒரு தடவை அடையாறிலிருந்து வந்த ஓர் அம்மா, சோபாவுக்கு மேலே மாட்ட அலை அலையாகச் செதுக்கிய பலகை கேட்டார். அப்பா அழகாகத்தான் செதுக்கினார். கொடுக்கும்போது பார்த்தால் ஒவ்வோர் அலையின் அடியிலும் ஒரு மரக்கொக்கி. "பை மாட்டிக்கலாம், குடை மாட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். அந்த அம்மா இப்போது சாவி மாட்டுகிறாராம்.

கலை என்ற பேச்சு வந்தால் நானும் அப்பா கட்சிதான். கண்ணாடி அலமாரிக்குள் வைத்துத் தூசு தட்டுகிற பொருளை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் அதன் குற்றம் குறை வெளியே வராது. முக்காலி அப்படி ஏமாற்ற முடியாது. எண்பது கிலோ மாமா ஒருவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து காலை ஆட்டினால் கழுந்து, அதாவது துளைக்குள் செருகிய மரமுனை, எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று சபையறியத் தெரிந்துவிடும். அந்தப் பரீட்சையில் தேறிய பொருளிடம்தான் அழகைப் பற்றிப் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன், பலர் கேட்கிறார்கள். பழைய மரம் கன அடிக் கணக்கில் விற்கிறது. நீளத்தை அடியிலும், அகலம் உயரம் இரண்டையும் அங்குலத்திலும் அளந்து பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. பத்தடி நீளம், ஆறங்குலம் அகலம், எட்டங்குலம் உயரம் உள்ள உத்தரம் 3.33 கன அடி வரும். ஒரு கன அடித் தேக்கு ஏறத்தாழ 18 கிலோ, ஆக அந்த உத்தரம் 60 கிலோ. எங்கள் படிக்கட்டு ஓர் ஆள் மட்டும் போகிற அகலம், நடுவில் திருப்பம் வேறு. உத்தரம் மாடிக்கு ஏறுகிற நாளில் கீழ்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். கை கொடுக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

கடைக்காரர் மேலே இருக்கிற முகத்தை மட்டும் அளந்து காட்டுவார். நாம் பார்க்க வேண்டியது இரண்டு முனைகள். உத்தரத்தின் முனை சுவருக்குள் இருந்தது; ஈரமும் கரையானும் அங்கேதான் முதலில் நுழையும். சுத்தியலால் முனையிலிருந்து முனை வரை தட்டிக்கொண்டே போனால் கணீர் என்ற சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று விழும். அந்த இடம் வரை நீளத்தில் கழித்துத்தான் விலை பேச வேண்டும். அப்பாவும் மூலக்கொத்தளத்துக் கடை பாயும் இந்த ஒரு விஷயத்துக்காகவே டீ குடிப்பவர்கள்.

"அண்ணே, ஓரத்துல கொஞ்சம் உளுத்திருக்கு, அதுக்குப் போய் ஒரு அடி கழிக்கிறீங்களே."

"பாய், உள்ள எவ்ளோ தூரம் போயிருக்குதுன்னு நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. அறுத்துப் பாத்துட்டுக் காசு குடுக்கவா?"

கடைசியில் முக்கால் அடி கழியும். எப்போதும் முக்கால் அடிதான். பிறகு ஏன் இவ்வளவு பேச்சு என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மாடிக்கு வந்ததும் மரத்தில் கை வைக்கமாட்டோம், காந்தம் வைப்போம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். நூலில் கட்டி மரத்தின்மேல் மெதுவாக நகர்த்தினால் உள்ளே முறிந்து கிடக்கிற ஆணி இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஓர் ஆணி போதும், இழைப்புளியின் தகட்டில் பல் விழ. சுண்ணாம்பு அதைவிட மோசம். கண்ணுக்கு வெள்ளைப் பூச்சாகத்தான் தெரியும், ஆனால் மணலோடு சேர்ந்து மரத்தின் துளைகளில் இறுகியிருக்கும். கம்பி பிரஷ் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, மறுபடி பிரஷ். இந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் புது மரம் வாங்குவதே நல்லது, சாணை பிடிக்கிறவருக்கு அழுகிற காசு மிச்சம்.

கதவு, ஜன்னல் வாங்கினால் பெயிண்ட் விவகாரம் வேறு. பச்சை மேல் நீலம், நீலத்துக்கு அடியில் காவி என்று தோல் தோலாக இருக்கும். பார்க்க அழகாக இருக்கிறதென்று அதை அப்படியே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை வீடியோக்களில் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு இருந்தது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் வரும், குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் நஞ்சு. அதனால் எங்கள் கொட்டகையில் பெயிண்ட் கதவு வந்தால் பையன் கீழே போய்விடுவான். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதைப் பாலித்தீன் பையில் கட்டி, கடைசியில் தரையை ஈரத்துணியால் துடைப்போம். துடைப்பம் அன்றைக்கு வெளியே வராது. அப்படிச் சுரண்டிய கதவாக இருந்தாலும் அதில் சப்பாத்திக் கட்டையோ நடைவண்டியோ செய்வதில்லை. அலமாரிக்குப் பின்பலகையாகப் போகும்.

துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் சரக்குப் பெட்டி மரமும், சரக்கு அடுக்குகிற மரத்தட்டான பேலட்டும் மலிவாகக் கிடைக்கும். தம்பிக்கு அதில் ஆசை. அதற்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு, ஆபீஸில் கற்றது. வெளிநாட்டுக்குப் போய்வருகிற பேலட்டில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை குத்தியிருக்கும், பக்கத்தில் நாட்டின் குறியெழுத்து. அதன் கீழே 'ஹெச்.டி.' என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 'எம்.பி.' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதைத் தொடவே வேண்டாம். முத்திரையே இல்லாததில் என்ன சரக்கு கொட்டியிருந்ததோ யாருக்குத் தெரியும், அதுவும் வேண்டாம். ரயில்வே ஸ்லீப்பர் கட்டையும் அப்படித்தான். கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறியது. வெயிலில் இன்னமும் கசியும். அதைத் தோட்டத்து பெஞ்சாகப் போட்டு ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். கேரேஜில் வேலை பார்த்த மனிதர், ஸ்லீப்பர் கட்டை என்றால் அப்பா நாலடி தள்ளித்தான் நிற்பார்.

காசிமேட்டில் உடைக்கிற மர விசைப்படகுப் பலகை இன்னொரு மயக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு சின்னப் படகெல்லாம் ஃபைபராகிவிட்டது, பெரிய மரப்படகுகளும் ஒவ்வொன்றாகக் கரையேறுகின்றன. வளைவும் உப்பரித்த நிறமும் பார்க்கப் பிரமாதம். ஆனால் உப்பு ஊறிய மரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எங்களிடம் வந்தது மழைக்காலத்தில் தொட்டால் பிசுபிசுக்கிறது. மாடியில் செடித்தொட்டி வைக்கிற மேடையாக நிற்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் செய்த ஒரு கேரம் போர்டின் கதைக்கு வருகிறேன்.

வட சென்னையில் பாக்ஸிங்கும் கால்பந்தும்தான் விளையாட்டு என்று வெளியே நினைக்கிறார்கள். எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு விளக்குக்குக் கீழே கேட்கிற சத்தம் ஸ்ட்ரைக்கர் சத்தம். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் இந்த ஊர்க்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநர் மகள். அவர் பதக்கத்தோடு வந்திறங்கிய வாரம், எங்கள் தெருமுனை மன்றத்துப் பையன்கள் அப்பாவிடம் வந்தார்கள். அவர்களுடைய போர்டின் சட்டம் மூலையில் வாய் பிளந்திருந்தது. "தாத்தா, தேக்குல ஒண்ணு அட்ச்சுக் குடு" என்றார்கள்.

அப்பா தேக்கு கூடாது என்றுவிட்டார். இதை நானும் எதிர்பார்க்கவில்லை. தேக்கு உழைக்கும், வளையாது, பூச்சி அண்டாது. ஆனால் ஸ்ட்ரைக்கர் அடிக்கு அது மெத்து. நாளெல்லாம் ஒரே இடத்தில் அடி வாங்கினால் குழி விழும். குழி விழுந்த இடத்தில் காயின் நேராகத் திரும்பாது. வேண்டியது கனமான, கெட்டியான மரம். கருங்காலிக்கும் ஈட்டிக்கும் எங்கே போவது? கொட்டகையின் பின்னால் ஒரு கைவண்டி கிடந்தது. மண்ணடி கிடங்கு ஒன்றில் மூட்டை இழுத்துத் தேய்ந்தது, அடுப்புக்குப் போகவிருந்ததை அப்பா கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதன் இரண்டு நீளக் கைகளும் கருவேலம். கட்டை வண்டிச் சக்கரத்துக்கே அந்த மரத்தைத்தான் போடுவார்கள், கல் ரோட்டில் உருண்டும் நசுங்காத மரம்.

போட்டி விதிப்படி ஆடுகிற பரப்பு 74 செ.மீ. சதுரத்துக்குள் அடங்க வேண்டும். சட்டத்தின் அகலம் 6.35-லிருந்து 7.60 செ.மீ. வரை, பலகைக்கு மேலே அதன் உயரம் 1.90-லிருந்து 2.54 செ.மீ. வரை. மூலைக்கு மூலை கணக்குப் போட்டால் ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்றடிக்குக் கொஞ்சம் கம்மியாக நேரான மரம் வேண்டும். வண்டியின் கைகளில் ஆள் பிடித்து இழுத்த இடம் மட்டும் உருண்டையாகத் தேய்ந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டு நாலு துண்டு எடுத்தோம். அளவு சரியாக அமைந்தது என்று சொல்லமாட்டேன், ஒரு துண்டில் பக்கவாட்டில் ஒரு முடிச்சு வந்தே தீரும் என்றது. அதை வெளிப்பக்கம் திருப்பினார் அப்பா.

கருவேலத்தை இழைப்பது தேக்கை இழைப்பது மாதிரி கிடையாது. தேக்கில் சுருள் சுருளாக வரும், அந்தத் தோல் வாசனையோடு. கருவேலத்தில் ரேகை திசை மாறி மாறி ஓடும். இழைப்புளி ஒரு சாண் தூரம் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த சாணில் 'கிர்' என்று பிய்க்கும். அப்பா தகட்டை மயிரிழை அளவுக்கு உள்ளே தட்டிவிட்டு, மரத்துக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்துத் தள்ளினார். வந்தது சுருள் இல்லை, செம்பழுப்பில் பொடித்துகள். உள்முகத்தை இழைத்துவிட்டு மூலைமட்டத்தை வைத்து, கண்ணை மரத்தின் உயரத்துக்கு இறக்கி, பின்னாலிருந்து டார்ச் அடிக்கச் சொன்னார். மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒளிக்கோடு தெரிந்தால் மறுபடி இழைப்பு. உள்முகம் ஒரு துளி வெளியே சாய்ந்திருந்தாலும் வேகமாக வருகிற காயின் எகிறிக் குதித்துவிடும் என்றார். தம்பி மெஷினில் அறுத்தால் ஒரு மணி நேர வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே டார்ச் பிடித்தான். அவன் சொன்னதும் உண்மைதான்.

மூலை 45 டிகிரி வெட்டு. வெறும் பசையில் விட்டால் பழைய போர்டு மாதிரியே பிளக்கும். வெட்டின் உள்ளே கழுந்து மறைத்து, வெளியிலிருந்து ஒரு மூங்கில் ஆணி. முன்பெல்லாம் வச்சிரம் காய்ச்சி ஊற்றுவாராம், இப்போது ஃபெவிகால். இறுக்கிக் கட்டக் கிளாம்பு போதவில்லை. அம்மாவின் கொடிக்கயிற்றைச் சுற்றி, நடுவில் குச்சி விட்டு முறுக்கினோம். அன்றைக்குத் துணி காயவில்லை, அதற்கான பேச்சையும் எல்லோரும் கேட்டுக்கொண்டோம்.

நடுவில் வரும் பலகை புது பிளைவுட். பழைய மரத்தில் செய்தது என்று சொல்லிவிட்டுப் புது பிளைவுட்டா என்று இன்ஸ்டாகிராமில் ஒருவர் கேட்டார். ஆமாம். எங்கெங்கோ கிடந்த பலகைகளை ஒட்டி 74 செ.மீ. சமதளம் செய்தால் முதல் மழையில் அது ஒவ்வொரு ஒட்டிலும் ஒவ்வொரு மாதிரி உப்பும். ஆடுகிறவனுக்குச் சட்டத்தின் சரித்திரம் வேண்டாம், காயின் நேராக ஓட வேண்டும். விதிப்புத்தகத்தில் ஒரு சோதனை இருக்கிறது: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு பலத்தோடு அடித்தால் மூன்றரை தடவையாவது சட்டத்துக்குச் சட்டம் போய்வர வேண்டும். போரிக் பவுடர் தூவி மன்றத்துப் பையன்களில் மூத்தவன் அடித்தான். நாலாவது தடவை எதிர்ச்சட்டத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. "பாத்தியா, கைவண்டி" என்றார் அப்பா, வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தச் சட்டத்தில் வண்டியின் அச்சாணிப் பட்டை இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கறை இருக்கிறது. இரும்பு பட்ட இடத்தில் கருவேலம் அப்படிக் கறுக்கும். அதை எடுக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு கட்சி. எனக்கு இதில் பிடிவாதமான கருத்து உண்டு. ஆணித் துளையை லப்பம் வைத்து மூடிப் புது மரம் மாதிரி நடிக்க வைப்பதும் பிடிக்காது, இல்லாத துளையை ட்ரில் போட்டு, சங்கிலியால் அடித்துப் பழைய மரம் மாதிரி நடிக்க வைப்பதும் பிடிக்காது. பிளவுக்குள் நீலக் கலர் ரெசின் ஊற்றி ஆறு என்று சொல்வது இன்னொரு கூத்து. இரண்டு பலகைக்கு நடுவே பிளாஸ்டிக்கை ஊற்றிவிட்டு அதற்கு இயற்கை என்று பேர். கை படுகிற இடத்தில் சிலாம்பு குத்தாமல் இருக்க வேண்டும். மற்றபடி கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சட்டத்துக் கறை இருக்கிறது.

பாலிஷ் முழுக்க அம்மாவின் ராஜ்யம். அரக்குத் தகடுகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து அதில் நனைத்து இழுப்பார். மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, நடுநடுவே தேய்ந்த உப்புத்தாள். மழைக்காலத்தில் செய்யமாட்டார். காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெள்ளையாகப் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆர்டர் கொடுப்பவர்களுக்கு மார்கழி கழியட்டும் என்று நான் பதில் எழுதினால், "பெயிண்ட் கடைல கெடைக்கிற பளபளா வார்னிஷ் அடிச்சுக் குடுங்களேன்" என்று வரும். சமையலறைச் சாமானுக்கு அரக்குகூடக் கிடையாது, வெறும் எண்ணெய்தான். தேங்காயெண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும் என்பதால் ஆளி விதை எண்ணெய் தடவி, நன்றாகக் காயவிட்டுத் தருகிறோம். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. ஆளி எண்ணெய்த் துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டுத்தான் அம்மா தூங்கப் போவார்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். மரம் மலிவு, மனிதர் நேரம்தான் விலை. ஆணி எடுக்க, சுண்ணாம்பு சுரண்ட, காயவிட, மாடி ஏற்ற ஆகிற நேரத்தை நான் கணக்கெழுதிப் பார்த்தால் அப்பாவுக்குச் சித்தாள் கூலிகூட விழாது. "பழைய மரம்தானே, கொறைச்சுப் போடுங்க" என்கிறவர்களிடம் நான் இப்போது விளக்கம் சொல்வதில்லை. ஒரு துண்டு உத்தரத்தைக் கையில் கொடுத்து, ஒரே ஓர் ஆணியைப் பிடுங்கச் சொல்கிறேன். ஆணி பாதியில் முறியும். பிறகு பேரம் கொஞ்சம் அடங்கும்.

தம்பிக்கு மெஷின் வாங்க வேண்டும். தடிமன் இழைக்கிற சின்ன மெஷின் ஒன்று வந்தால் உத்தரத்தைப் பலகையாக்குகிற வேலை பாதியாகும் என்று அவன் சொல்வது நியாயம். பகலில் தூங்குகிற இரவு ஷிஃப்ட்காரர் பக்கத்து வீட்டில் இருக்கிறார், அந்த இரைச்சலை அவர் தாங்கமாட்டார் என்று அப்பா சொல்வதும் நியாயம். எனக்கென்னவோ அப்பா பக்கத்து வீட்டுக்காரரைச் சாக்கு வைக்கிறார் என்று சந்தேகம். மெஷின் பல்லில் ஒளிந்திருக்கிற ஆணி ஒன்று மாட்டினால் என்ன ஆகும் என்பதுதான் அவர் நிஜக் கவலை. காந்தம் எல்லா ஆணியையும் காட்டுவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

மன்றத்துப் பையன்கள் போர்டுக்குப் பாதிப் பணம் கொடுத்தார்கள். மீதி டோர்னமென்ட் முடிந்ததும் என்றார்கள். டோர்னமென்ட் முடிந்து, ஒரு கோப்பையும் வாங்கி, அதை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டி, அம்மா கையால் டீயும் குடித்துவிட்டுப் போனார்கள். பாக்கி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ராத்திரி மாடியில் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் ஆட்டத்துச் சத்தம் கேட்கிறது. "நல்லா அட்ச்சு ஆட்றானுங்க, கேட்டா ஒரு மாதிரி இருக்கும்" என்கிறார் அப்பா. அம்மா கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்து, அந்த வரியை அடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நாளைக்கு ஆபீஸ் போகிற வழியில் நான்தான் கேட்க வேண்டும்.